பதினாலும் இருபத்தொன்றும்

"கம்ப்ரசர் ஓடுது. ஆனா பெட்டி குளிரல. நீங்க போய் முன்னாடி நிக்கறீங்க. என்ன செய்வீங்க?"

"பார்ப்பேன் மேடம்."

"சரி. என்னத்தப் பார்ப்பீங்க?"

"என்ன கோளாறுன்னு பார்ப்பேன்."

"எப்படி?"

மாமனார் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். பாட்டில் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் இயந்திரம் பார்த்த கைகள். சூடு பட்ட தழும்பும் காய்ப்பும் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு கிடந்தன. "கைய வெச்சா தெரிஞ்சிடும் மேடம்."

"நான் ஃபோன்ல கேக்கறேன்னு வெச்சுக்குங்க. கை தெரியாது. வாயால சொல்லுங்க."

வாய் திறந்தது. சொல் வரவில்லை. விஷயம் எல்லாம் தோளிலிருந்து விரல்நுனி வரை நிறைந்திருந்தது. கழுத்துக்கு மேலே ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது. "அது வந்து மேடம், பார்த்தாதான் சொல்ல முடியும்" என்று முடித்துக்கொண்டார்.

தியரி மேடம் எதையோ எழுதினார். எழுத ஒரு நொடிதான் ஆனது. பெரிய எண்ணாக இருக்க வாய்ப்பில்லை.

குளிர்சாதனப் பழுதுபார்ப்புக்கு அந்தத் தொழிற்கல்லூரியில் பத்து மாதப் படிப்பு. பத்தாவது மாதத்தில் மேடம் ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு கம்பெனி அதிகாரி மாதிரி மேசைக்குப் பின்னால் உட்காருவார். மாணவர்கள் ஒவ்வொருவராகப் போய் ஒத்திகை நேர்காணலில் மாட்டிக்கொள்வார்கள். அடுத்து மாட்டியது மாமனாரின் சொந்த மருமகன். அவனுக்கும் அதே வகுப்பு, அதே மேசை.

அதே கேள்விதான். மருமகன் தொண்டையைச் செருமிக்கொண்டு எட்டுப் படிகளை வரிசையாகச் சொன்னான். அழுத்தம், வெப்பநிலை, அளவுகள் என்று அவன் சொல்லச் சொல்ல, கதவோரம் காத்திருந்த பையன்கள் வாயைப் பிளந்தார்கள்.

"பிரமாதம்" என்றார் மேடம். "இந்தாங்க, அழுத்தம் பார்க்கிற கேஜ். அந்த மெஷின்ல மாட்டிக் காட்டுங்க."

கேஜில் மூன்று குழாய்கள் தொங்கின. நீலம் அழுத்தம் குறைந்த பக்கத்துக்கு, சிவப்பு கூடின பக்கத்துக்கு. இதையும் அவன்தான் இப்போது சொன்னான். சொல்லிவிட்டு நீலத்தை எடுத்து, கம்பீரமாக, கூடின பக்கத்தில் திருகினான்.

மேடம் பேனாவை மூடினார். "நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடுதானே?"

"ஆமா மேடம். என் மாமனார்."

"அப்ப கம்பெனிக்காரங்ககிட்ட உங்க ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு ஆளா எடுத்துக்கச் சொல்லவா? ஒரு சம்பளம், ரெண்டு சட்டை."

பையன்கள் சிரித்தார்கள். மாமனாரும் ஒப்புக்குச் சிரித்தார். இறுதித் தேர்வுக்கு மூன்று வாரம். இடைத்தேர்வில் எழுத்துத் தாளில் அவருக்கு முப்பத்தொன்று. ஐம்பதுக்குக் கீழே போனால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாதவர்களைக் குளிர்பதனக் கிடங்குக் கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டுப் பேசக்கூட மாட்டார்கள். அவர்கள் வருவதோ வருஷத்துக்கு ஒரே தடவை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல, ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு வாய் வரவில்லை. தொழிற்சாலை மூடியதிலிருந்து மகள் வீட்டில், காலையில் எல்லோரும் வெளியே போன பிறகு, சுவர்க் கடிகாரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நாலு மாதம் அவருக்கு மறக்கவில்லை. அங்கே திரும்பிப் போவதா?

சாயங்காலம் மூக்குக்கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்த மகள், செருப்பைக் கூடக் கழற்றாமல் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள்.

"யார் செத்தாங்க?"

மருமகன் நடந்ததைச் சொன்னான். அவள் கைப்பையை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விசாரணை ஆரம்பமாகிவிட்டது என்று இருவருக்கும் புரிந்தது.

"அப்பா, பத்து மாசமா இந்த மேசைல ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து படிக்கிறீங்க. அவர் நாலு கலர் பேனாவுல நோட்ஸ் எழுதறார். அத ஒரு தடவையாவது வாங்கிப் படிச்சிருக்கீங்களா?"

"பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டுத்தானேம்மா இருக்கேன்."

"புரியுதா?"

"புரியாதத மாப்ளகிட்ட போய் எப்படிம்மா கேக்கறது? வாய் கூசுது."

"ஏங்க, நீங்க சொல்லுங்க. ஒர்க்‌ஷாப்ல ஒரு மேசைக்கு ரெண்டு பேர். உங்க ஜோடி எங்கப்பா. நீங்க ஒரு தடவையாவது கேஜ மாட்டியிருக்கீங்களா?"

"மாமா வேகமா செஞ்சிடுவார். நடுவுல போய் கைய விட்டா மரியாதையா இருக்காதேன்னு…"

"மாப்ள கை அழுக்காகுமேன்னு நானும் விட்டதில்லம்மா" என்றார் மாமனார் குற்றத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் குரலில்.

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மரியாத குடுத்துக் குடுத்தே ரெண்டு பேரும் ஃபெயிலாகப் போறீங்க. நல்லா இருக்கு."

பிறகு அவள் கேட்டாள். "அப்பா, உங்க ரோல் நம்பர் என்ன?"

"பதினாலு."

"உங்களுது?"

"இருபத்தொண்ணு. எதுக்கு?"

"நாளைலேருந்து ஏழுலேருந்து ஒம்பது வரைக்கும் இந்த வீட்ல மாமாவும் கிடையாது, மாப்ளயும் கிடையாது. பதினாலு, இருபத்தொண்ணு. அவ்வளவுதான். ஃபோன் ரெண்டும் என் பையில. அப்பா, நீங்க நாற்காலில உக்காரணும். கை ரெண்டும் தொடைக்குக் கீழ இருக்கணும். எதையும் தொடக் கூடாது, வாயால சொல்லணும். ஏங்க, நீங்கதான் செய்யணும். ஆனா அப்பா சொல்லாம ஒரு திருகு கூடத் திருகக் கூடாது. தப்பா சொன்னா தப்பாவே செய்யுங்க."

"வேணும்னே தப்பு செய்யறதா?"

"வேணும்னே எதுக்கு? தானா வரும் உங்களுக்கு."

ஒர்க்‌ஷாப் சார் நல்ல மனிதர். கேட்டதும் ஒரு பழைய கேஜையும், எப்போதோ உயிர் போய்விட்ட ஒரு குட்டி ஃப்ரிட்ஜையும் கொடுத்தனுப்பினார். மூன்றாம் மாடிக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்து பால்கனிக் கதவோரம் வைத்தார்கள். அதில் காஸும் இல்லை, கரண்டும் இல்லை. கையும் வாயும் பழக அது போதும்.

முதல் நாள் மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்குக் கீழே சொருகிக்கொண்டார். மருமகன் தரையில், ஃப்ரிட்ஜின் முதுகுப் பக்கம்.

"மாப்ள, அத எடுத்து…"

"மாப்ள இல்ல" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"இருபத்தொண்ணு… அத எடுத்து இங்க மாட்டுங்க."

"எத எங்க மாமா?"

"மாமா இல்ல" என்றது சமையலறை.

"பதினாலு" என்றான் மருமகன் எச்சிலை விழுங்கிக்கொண்டு, "அது இதுன்னு சொன்னா எனக்குத் தெரியாது. பேர் சொல்லுங்க."

பேர். பத்து மாதமாக இதே சாமான்களோடு புழங்கியவர், ஒன்றையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முழி பிதுங்கியது. தொடைக்குக் கீழே விரல்கள் துடித்தன. "நீலக் குழாய்" என்றார் கடைசியில். "நீலக் குழாய எடுத்து, அழுத்தம் குறைஞ்ச சக்‌ஷன் பக்கத்து வால்வுல மாட்டுங்க."

மருமகன் மாட்டினான். மாட்டியது கோணலாக. மரை தப்பித் திருகிக்கொண்டே போனான்.

"கைய எடு" என்றார் மாமனார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் மருமகனை அவர் ஒருமையில் அழைத்ததில்லை. மருமகன் திரும்பிப் பார்த்தான். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"அப்படித்தான்" என்றது சமையலறை. "மேல சொல்லுங்க பதினாலு."

நாலாம் நாளைக்குள் இருவருக்கும் கூச்சம் விட்டுப்போனது. பதினாலு கத்தினார். இருபத்தொன்று எதிர்த்துக் கத்தினான். "காஸ் போட்டுடலாமா?" என்று இருபத்தொன்று கேட்டால், "அது என்ன சமையல் காஸா, எரிஞ்சு தீர? குறைஞ்சிருந்தா எங்கேயோ போயிருக்கு. போன வழியக் கண்டுபிடி மொதல்ல. சோப்புத் தண்ணி எங்க?" என்று பாய்வார் பதினாலு. கீழ் வீட்டுக்காரி ஒருநாள் மேலே வந்து, ஏதும் சண்டையா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

எட்டரை ஆனதும் கைகளுக்கு விடுதலை. அதுவரை சொன்னதையெல்லாம் மாமனார் உட்கார்ந்து எழுத வேண்டும்.

"புத்தகத்துல இருக்கற மாதிரி எனக்கு வராதும்மா."

"யார் கேட்டாங்க? இப்ப சொன்னீங்கல்ல, அதையே எழுதுங்க."

முதல் வாரம் அரைப் பக்கம். இரண்டாம் வாரம் இரண்டு பக்கம். மருமகனின் சட்டையிலும் முதல் தடவையாகக் கறை ஏறியது. துவைக்கப் போட்டபோது மகள் அதைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, திட்டாமல் வாளியில் போட்டாள்.

தேர்வு வந்தது. செய்முறையில் இருவரும் தப்பினார்கள். மருமகன் நீலத்தை நீலத்தின் இடத்திலேயே மாட்டினான். மறுநாள் எழுத்துத் தாள். ஐந்தாவது கேள்வி, முப்பது மதிப்பெண்: கம்ப்ரசர் இயங்குகிறது, உறைபெட்டி குளிரவில்லை, காரணம் கண்டறியும் படிகளை விளக்குக.

விளக்குக என்ற சொல்லை மாமனார் இரண்டு தடவை படித்தார். பேனா நகரவில்லை. பத்து நிமிஷம் போனது. என்ன தோன்றியதோ, இடது கையை எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். தரையில் குந்தியிருக்கும் உருவம் தெரிந்தது. பேனா ஓட ஆரம்பித்தது. கூடுதல் தாள் வாங்கினார். இன்னொன்றும் வாங்கினார்.

"எப்படி மாமா?" என்றான் மருமகன் வெளியே வந்ததும்.

"பேப்பர் பத்தல மாப்ள."

மருமகன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "உங்களுக்கா?"

ஆறாம் நாள் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. ரோல் நம்பர் பதினாலும் இருபத்தொன்றும் காலை பத்து மணிக்கு ஆசிரியர் அறைக்கு வரவும். மற்ற யாருக்கும் அழைப்பு இல்லை. விசாரித்துப் பார்த்துவிட்டார்கள்.

அறையில் தியரி மேடமும் ஒர்க்‌ஷாப் சாரும் இருந்தார்கள். மேசையில் இரண்டு விடைத்தாள்கள். மேடம் உட்காரச் சொல்லவில்லை.

"உங்க அஞ்சாவது விடைய வாசிக்கிறேன், கேளுங்க" என்றார் மாமனாரிடம். "'இருபத்தொண்ணு, முதலில் எதையும் தொடாதே. மின்சாரம் வருகிறதா பார். பின்பக்கம் தூசி அடைத்திருக்கிறதா பார். கதவு ரப்பரில் கையை வைத்துப் பார், காற்று கசிகிறதா? இருபத்தொண்ணு, அவசரப்படாதே, கேஜுக்குப் பிறகு வருவோம்.'" மேடம் பக்கத்தைத் திருப்பினார். "'இருபத்தொண்ணு, காஸ் போடாதே. சோப்புத் தண்ணீர் எடு.' இப்படி நாலு பக்கம். இருபத்தொண்ணுன்னு பத்தொம்பது இடத்துல வருது."

அப்படி எழுதியதே மாமனாருக்கு நினைவில்லை.

"இருபத்தொண்ணுங்கறது தேர்வு அறையில உங்களுக்கு ரெண்டு வரிசை முன்னாடி உக்காந்திருந்த ஆள். வெளில இருந்து பார்க்கிறவங்களுக்கு இது என்னன்னு தோணும்?"

"பரீட்சைல அவருக்கு விடை சொல்லிக்குடுத்த மாதிரி தோணும்" என்றார் மாமனார் மெதுவாக.

"தேர்வுக் குழுவுக்கு அனுப்பினா ரெண்டு பேப்பரும் ரத்து."

மாமனார் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "மேடம், மாப்ள பேப்பர விட்டுடுங்க. அவர் படிச்சு எழுதினவர். என்னோடத வேணும்னா கிழிச்சுப் போட்டுடுங்க."

"அது தப்பு மாமா" என்றான் மருமகன். ஏழு மணி வகுப்புக்கு வெளியே அவரிடம் அவன் தப்பு என்று சொன்னது அதுவே முதல் தடவை. "நான் சொல்றேன் மேடம்."

சொன்னான். மேசை விசாரணை, குட்டி ஃப்ரிட்ஜ், தொடைக்குக் கீழே கை, சமையலறைக் குரல், கீழ் வீட்டுக்காரி, ஒன்றையும் விடவில்லை. அவன் பாதி சொல்லும்போதே ஒர்க்‌ஷாப் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

மேடம் சிரிக்கவில்லை. இரண்டாவது தாளைப் புரட்டினார். "இவர் அதே கேள்விக்கு ஒன்பது பாயிண்ட் எழுதியிருக்கார். உங்க வாக்கியம் ஒண்ணு கூட இதுல இல்ல. அதனாலதான் குழுவுக்கு அனுப்பாம உங்களக் கூப்பிட்டேன். ஆனா எனக்கு நிச்சயமா தெரியணும்." எழுந்தார். "வாங்க ஒர்க்‌ஷாப்புக்கு."

ஒர்க்‌ஷாப்பில் நடுமேசைப் பக்கம் ஓர் உறைபெட்டி ஓடிக்கொண்டிருந்தது. மேடம் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அதன் முன்னால் நின்றார். மாமனாருக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"இப்ப நான்தான் இருபத்தொண்ணு. சார் இதுல ஏதோ கோளாறு பண்ணி வெச்சிருக்கார். என்னன்னு எனக்கே தெரியாது. நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்."

"மேடம், உங்களப் போய்…"

"வாய் கூசினா மார்க் இல்ல."

மாமனார் உட்கார்ந்தார். கைகள் தாமாகவே தொடைக்குக் கீழே போயின.

"மின்சாரம் இருக்கு, சத்தம் கேக்குது. பின்னாடி தூசி இருக்கா பாருங்க மேடம்."

"இல்ல."

"விசிறி சுத்துதா?"

"சுத்துது."

"கதவு ரப்பர்?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப நிறுத்திட்டு கேஜ எடுங்க. நீலக் குழாய சக்‌ஷன் பக்கம் மாட்டுங்க."

மேடம் கேஜை எடுத்தார். வேண்டுமென்றேதான் இருக்கும், சிவப்பைப் பிடித்து சக்‌ஷன் வால்வுக்குக் கொண்டு போனார். மாமனார் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு இருந்தார். குழாய் வால்வைத் தொட இன்னும் ஒரு விரல்கடை.

"இருபத்தொண்ணு, அது சிவப்பு. கீழ வை."

கீழே வைத்தார் மேடம். மருமகன் ஒரு தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டான்.

அதற்குப் பிறகு தடையே இல்லை. நீலம் ஏறியது. ஓடவிட்டுப் பார்த்தால் முள் வேண்டிய இடத்துக்கு ரொம்பக் கீழே நின்றது. "கசிவு இருக்கு. மறுபடி நிறுத்து. சோப்புத் தண்ணிய இணைப்பு ஒவ்வொண்ணுலயும் தடவு. அவசரம் வேணாம். எங்க குமிழி வருதோ அங்க நில்லு." மூன்றாவது இணைப்பில் மீன்கண் மாதிரி குமிழி எழும்பி எழும்பி உடைந்தது. "அதேதான். இருக்கிற காஸ சிலிண்டர்ல பத்திரமா இறக்கிட்டு, இணைப்ப சரி பண்ணிட்டு, நைட்ரஜன் விட்டு சோதிக்கணும். அப்புறம் வேக்யூம் போட்டு உள்ள இருக்கற காத்த உறிஞ்சிட்டு, புது காஸ எடை போட்டு ஏத்தணும். கண்ணளவுல ஏத்தக் கூடாது."

ஒர்க்‌ஷாப் சார் தலையாட்டினார். "நான் வெச்ச கோளாறு அதுதான்."

மேடம் கையைத் துடைத்துக்கொண்டு, விடைத்தாளின் மேல் மூலையில் எழுதியதைத் திருப்பிக் காட்டினார். அறுபத்து மூன்று.

மாமனார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கைகளைத் தொடைக்குக் கீழிருந்து எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார். இரண்டும் மரத்துப் போயிருந்தன.

"ரெண்டு மார்க் குறைச்சிருக்கேன்" என்றார் மேடம்.

"எதுல தப்பு மேடம்?"

"மூணாவது பக்கத்துல இருபத்தொண்ண கழுதன்னு எழுதியிருக்கீங்க. வேலை செய்யற இடத்துல அப்படியெல்லாம் பேசக் கூடாது."

தூணுக்குப் பின்னாலிருந்து மருமகன் எட்டிப் பார்த்தான். "கழுதையா?"

"பேனா வேகத்துல வந்துடுச்சு மாப்ள."

அடுத்த வாரம் குளிர்பதனக் கிடங்குக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள். ஒத்திகை நேர்காணலில் கேட்காத எதையோ கேட்கப் போகிறாள் என்று மாமனார் பயந்துகொண்டே போனார். சரியாகத்தான் பயந்திருந்தார்.

"ஷிஃப்ட் தலைவருக்கு முப்பது வயசுகூட ஆகல. அவர் சொன்னா நீங்க செய்யணும். தப்புன்னு சொன்னா கேட்டுக்கணும். உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"

"மொதல்ல கஷ்டமா இருக்கும் மேடம். ஒரு நாலு நாள். அப்புறம் பழகிடும்."

"எப்படி அவ்வளவு கணக்கா சொல்றீங்க?"

"வீட்ல எனக்கு நாலு நாள்தான் ஆச்சு."

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரு படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள். "உள்ள எப்பவும் மைனஸ் இருபது. ஜாக்கெட், கையுறை, பூட்ஸ் எல்லாம் கம்பெனிலயே தருவோம். அளவு எழுதிக் குடுங்க. திங்கட்கிழமை காலை ஏழு மணி."

படிவத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் வந்தார். அங்கே மருமகன் ஏற்கெனவே இன்னொரு படிவத்தில் தலையைக் கவிழ்த்துத் தன் தோள் அகலத்தைச் சாணால் அளந்துகொண்டிருந்தான். அவனுக்குச் சாயங்கால ஷிஃப்ட். மாமனார் ஜாக்கெட் அளவை எழுதினார். பூட்ஸ் அளவில் வந்து பேனா நின்றது. மகளுக்கு ஃபோன் செய்தார். கடையில் யாருக்கோ கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தவள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னப்பா ஆச்சு? சொல்லுங்க."

"பூட்ஸ் அளவு கேக்கறாங்கம்மா. எனக்கு எட்டா, ஒம்பதா?"

அந்தப் பக்கம் எதையோ கீழே வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"இருக்கியாம்மா?"

"இருக்கேன்" என்றாள். "எட்டுதான் உங்களுக்கு. ஆனா உள்ள தடியா சாக்ஸ் போட வேண்டியிருக்கும். ஒம்பதுன்னே போடுங்கப்பா."

அவர் ஒன்பது என்று எழுதினார். அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே தடவையில் எழுதிவிட்டு, மருமகன் அளந்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.